கடவுள் இல்லை என்பவர்களும் கிறிஸ்தவத்தைப் பாராட்டுவது ஏன்? சேலமும் கொல்லிமலையும் சொல்லும் கதை

1973-ம் ஆண்டு டிசம்பர் 24. ஊரெல்லாம் கிறிஸ்துமஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாள். அன்று காலை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 94 வயதுப் பெரியவர் ஒருவரின் உயிர் பிரிந்தது. கடவுள் இல்லை என்று வாழ்நாளெல்லாம் மேடை மேடையாகப் பேசிய தந்தை பெரியார்தான் அவர். அவர் கடைசியாகச் சிகிச்சை பெற்ற இடம், அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனை.

இதை வைத்து யாரும் யாரையும் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. நல்ல மருத்துவம் கிடைக்கும் இடத்துக்குப் போவது பகுத்தறிவுதான். ஆனால், இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மதத்தை நம்பாதவர்கள், அந்த மதம் சமூகத்துக்குச் செய்த நல்லதை எப்படிப் பார்க்க வேண்டும்? நம்பிக்கை வேண்டாம், பலன் மட்டும் போதும் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி இப்போது உலக அளவில் மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. அதிலும் சேலம், நாமக்கல் பக்கம் இதற்கு 400 வருஷக் கதை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உலகத்தில் இப்போது என்ன நடக்கிறது?

நாத்திகம் என்றதும் உலக அளவில் பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். பிரிட்டனைச் சேர்ந்த உயிரியல் அறிஞர். மதங்களைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதியவர். 2024-ம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் ஒரு வானொலிப் பேட்டியில் அவர் தன்னைக் 'கலாசாரக் கிறிஸ்தவர்' என்று சொல்லிக்கொண்டார். பைபிளை நம்பவில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் பாடல்களும் பழைய தேவாலயங்களும் தனக்குப் பிடிக்கும், அந்தப் பண்பாட்டில் வாழ்வது தனக்கு வசதியாக இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2023 நவம்பரில், சோமாலியாவில் பிறந்த எழுத்தாளர் அயான் ஹிர்சி அலி இன்னும் ஒரு படி மேலே போனார். இஸ்லாத்திலிருந்து விலகி, நாத்திகராகவே உலகம் முழுக்க அறியப்பட்டவர், தான் கிறிஸ்தவராகிவிட்டதாகக் கட்டுரை எழுதி அறிவித்தார்.

இவர்களுக்கு முன்பே இதைப் பேசியவர்களும் உண்டு. பிரிட்டன் பத்திரிகையாளர் மேத்யூ பாரிஸ் ஒரு நாத்திகர். சிறு வயதில் ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர். மலாவி நாட்டுக்குத் திரும்பப் போய்வந்த பிறகு, ஆப்பிரிக்காவில் மிஷனரிகள் மனிதர்களிடம் கொண்டுவந்த மாற்றத்தை வெறும் தொண்டு நிறுவனங்களால் கொண்டுவர முடியவில்லை என்று 2008-ல் எழுதினார். வரலாற்று எழுத்தாளர் டாம் ஹாலண்ட் 2019-ல் வெளியிட்ட 'டொமினியன்' புத்தகத்தின் வாதமும் இதை ஒட்டியதுதான். மனித உரிமை, எளியவருக்கு இரக்கம் என்று மேற்கு நாடுகள் இன்று மதம் சாராததாக நினைக்கும் பல மதிப்புகளின் வேர் கிறிஸ்தவத்தில் இருக்கிறது என்கிறார் அவர். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹேபர்மாஸ், பின்னாளில் போப் ஆன கார்டினல் ராட்சிங்கருடன் 2004-ல் ஒரே மேடையில் உட்கார்ந்து, மதச்சார்பற்ற அரசுக்கும் மதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி விவாதித்தார்.

எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்களா?

இல்லை. இதில் மூன்று வகை இருக்கிறது. மூன்றையும் கலந்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒன்று, நம்பிக்கைக்கே வந்துவிட்டவர்கள். ஹிர்சி அலி இந்த வகை.

இரண்டு, நம்பாமல் பண்பாட்டை மட்டும் ரசிப்பவர்கள். டாக்கின்ஸ் இந்த வகை. சாமி கும்பிடாதவர் பொங்கலுக்குக் கோலம் போடுவதை ரசிப்பது மாதிரி.

மூன்று, நம்பவும் இல்லை, ரசிக்கவும் இல்லை, ஆனால் சமூகத்துக்குப் பலன் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்பவர்கள். பாரிஸ் இந்த வகை.

இந்த மேற்கத்தியப் பேச்சின் மீது ஒரு விமர்சனமும் உண்டு. டாக்கின்ஸ், ஹிர்சி அலி இருவர் பேச்சிலும் இஸ்லாம் பற்றிய அச்சம் கலந்திருக்கிறது, கிறிஸ்தவத்தின் மேல் வந்த பாசத்தைவிட இன்னொரு மதத்தின் மேல் இருக்கும் பயம்தான் பெரிது என்கிறார்கள் விமர்சகர்கள். தமிழ்நாட்டுக் கதை இந்த இடத்தில் அப்படியே தலைகீழ். அதைக் கீழே பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இது எப்போது நடந்தது?

சென்னை மெரினா கடற்கரையில் நடந்து போனால் வரிசையாகச் சிலைகள் நிற்கும். 1968 ஜனவரியில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்டவை. அப்போது முதலமைச்சர் அண்ணா. பெரியாரின் பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர்கள் ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அந்த அரசு யார் யாருக்குச் சிலை வைத்தது? திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் என்று போகும் பட்டியலில் மூன்று கிறிஸ்தவப் பாதிரியார்களும் இருக்கிறார்கள். வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப். இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கத் துறவி ஒருவர், ஆங்கிலிகன் மிஷனரிகள் இருவர்.

இவர்கள் மூவரும் மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதில் ஒளிவு மறைவு கிடையாது. ஆனால், வீரமாமுனிவர் 'சதுரகராதி' தொகுத்தார், தமிழ் எழுத்தைத் திருத்தினார். போப் 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்.

இன்னொரு சுவாரசியமும் இருக்கிறது. ஏகார, ஓகார எழுத்துகளைத் தனியாக அடையாளம் காட்டும் முறையை 18-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் பாதிரியாரான வீரமாமுனிவர் என்பார்கள். 1935-ல் அடுத்த கட்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தன் 'குடிஅரசு' பத்திரிகையில் செய்து காட்டியவர் நாத்திகரான பெரியார். இன்று செல்போனில் தமிழ் டைப் செய்யும்போது, இந்த இருவரின் கைவண்ணமும் விரலுக்குக் கீழே இருக்கிறது.

சேலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டுப் பகுத்தறிவு இயக்க வரலாற்றில் சேலத்துக்குத் தனி இடம். 1944-ம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. 1971 ஜனவரியில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இதே சேலத்தில்தான்.

1944-ல் வைத்த அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே சொன்னவர் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ். ஆனால், 'திராவிட' என்ற சொல்லை விரிவான ஆதாரங்களோடு உலகம் ஏற்கும்படி நிறுத்தியது கால்டுவெல்லின் புத்தகம். பின்னாளில் பிஷப் ஆன ஒருவர் மொழியியலில் நிலைநிறுத்திய சொல், கடவுள் மறுப்பு இயக்கத்தின் பெயராகச் சேலத்தில் அறிவிக்கப்பட்டது. வரலாறு இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது.

இந்தப் பகுதிக்குக் கிறிஸ்தவம் வந்தது அதற்கும் ரொம்ப முன்னால். மதுரையில் இருந்த இத்தாலியத் துறவி ராபர்ட் டி நொபிலி 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1827-ல் லண்டன் மிஷன் சங்கம் ஹென்றி கிறிஸ்ப் என்பவரைச் சேலத்துக்கு அனுப்பியது. அந்த மிஷனின் சபைகள்தான் 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், பின்னர் சேர்ந்தன. கத்தோலிக்கர்களுக்குச் சேலம் மறைமாவட்டம் 1930-ல் வந்தது.

இத்தனை நூற்றாண்டு ஆகியும் இந்தச் சமவெளியில் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுக்க 6.12 சதவீதம். சேலம், நாமக்கல்லில் அதைவிட வெகு குறைவு. ஆக, 'மதம் மாற்றத்தான் எல்லாம் செய்தார்கள்' என்று சொல்பவர்களும், 'கிறிஸ்தவம் வந்ததால் ஊரே மாறியது' என்று சொல்பவர்களும் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொல்லிமலையில் என்ன நடந்தது?

நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும் மலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிவிடுகிறது. 1900-களில் ஒழுங்கான சாலை கிடையாது. மலேரியாவுக்குப் பயந்து கீழே இருப்பவர்கள் மேலே தங்கமாட்டார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் அந்த மலைக்கு டாக்டரும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது.

1907-ல் இங்கிலாந்திலிருந்து ஜெஸ்ஸி பிராண்ட் என்பவர் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் வந்தார். முதலில் சேந்தமங்கலம் பக்கம் வேலை. 1913-ல் லண்டனைச் சேர்ந்த ஈவ்லின் ஹாரிஸைத் திருமணம் செய்துகொண்டார். கையோடு இருவரும் மலை ஏறி, வாழவந்தியில் மரவீடு கட்டிக் குடியேறினார்கள்.

ஜெஸ்ஸி முழுப் படிப்புப் படித்த டாக்டர் இல்லை. கிளம்பும் முன் கற்றுக்கொண்ட அடிப்படை மருத்துவம்தான். அதை வைத்துக்கொண்டு புண்ணுக்கு மருந்து போட்டார், பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார். மரவேலை கற்றுக்கொடுத்தார். புதுப் பயிர்களை நட்டுக் காட்டினார். சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்.

பல வருஷம் இப்படியே ஓடியும் யாரும் மதம் மாறவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர்களில் உள்ளூர்க் கோயில் பூசாரி ஒருவரும் உண்டு. 1918, 1919-ல் உலகையே உலுக்கிய ஃபுளூ காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. நோயாளிகளைச் சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடிய நேரம். பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பூசாரியும் நோயில் விழுந்தார். சாகும் தறுவாயில் ஜெஸ்ஸியைக் கூப்பிட்டுத் தன் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார் என்று அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மலையில் அவர்களைப் பற்றிய பேச்சு மாறியது அதற்குப் பிறகுதான்.

1929-ல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வாழவந்தியிலேயே அடக்கம். ஈவ்லின் ஊர் திரும்பிவிடவில்லை. அறுபது வயதைத் தாண்டியதும் மிஷன் ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்ற கையோடு தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலை ஏறிவிட்டார். மட்டக் குதிரையிலும், இடுப்பு ஒடிந்த பிறகு மூங்கில் கம்பு ஊன்றியும் கொல்லிமலையைத் தாண்டி மற்ற மலைகளுக்கும் போனார். 1974-ல், 95 வயதில், தமிழ்நாட்டிலேயே இறந்தார்.

நரம்புச் சிலந்தி சொல்லும் பாடம் என்ன?

அந்தக் காலத்தில் கொல்லிமலை மக்களைப் பாடாய்ப் படுத்திய நோய் நரம்புச் சிலந்தி. தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு உயிரிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் போகும். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழு, பெரும்பாலும் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், அங்கேயே ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடும். படிக்கட்டு இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறு என்றால் மொத்த ஊருக்கும் நோய்.

இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றிப் பல நாள் மெதுவாக இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுந்துவிட்டால் சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி அதைச் செய்தார். அதோடு, கிணற்றில் யாரும் கால் வைக்காதபடி கைப்பிடிச் சுவர் கட்டவும், வாளி போட்டு இறைக்கவும் ஊராரைப் பழக்கினார். இந்தச் சண்டையை ஈவ்லின் வயதான காலம் வரை தொடர்ந்தார்.

ஆனால், நோய் ஒழிந்த கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதியது மிஷன் இல்லை. 1980-களில் இந்திய அரசு தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு முதலிலேயே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் பதிவானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

அரசு வராத இடத்துக்கு முதலில் போனது மிஷன். எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

மலையில் வளர்ந்த பையன் என்ன ஆனார்?

ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதியின் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அங்கே அவர் கையில் எடுத்த பிரச்னை தொழுநோய்.

தொழுநோயாளிகளின் விரல் அழுகுவது நோயின் நேரடி விளைவு என்றுதான் அப்போது பரவலாக நம்பினார்கள். உண்மையில் நரம்பு மரத்துப்போவதால் சூடும் காயமும் தெரிவதில்லை. தெரியாமல் அடிபட்டு அடிபட்டுத்தான் விரல் போகிறது என்பதை பால் பிராண்ட் நிறுவினார். நன்றாக இருக்கும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன கையை மறுபடியும் வேலை செய்யவைக்கும் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். கை நிமிர்ந்தவர் பிச்சை எடுக்காமல் வேலைக்குப் போகலாம் இல்லையா? இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்ற டாக்டர்கள் சொல்லும் பல அறிவுரைகளுக்கும் அவருடைய அந்த ஆராய்ச்சியே அடித்தளம்.

இதெல்லாம் தனிக் கதையா, ஆய்வும் இருக்கிறதா?

ஆய்வு இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் உட்பெரி 2012-ல் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மதம் பரப்பும் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் அதிகமாக வேலை செய்த நாடுகளில் அச்சகம், எழுத்தறிவு, பெண் கல்வி, அமைப்புகள் எல்லாம் முன்னதாகவே பரவி, ஜனநாயகம் வேரூன்ற உதவின என்றார். பெரிய விவாதம் நடந்தது. புள்ளிவிவரத்தை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியானது இல்லை என்று மறுத்தார்கள். இது இன்னும் முடியாத வழக்கு.

இந்தியாவைப் பற்றிய ஒரு ஆய்வு இன்னும் நெருக்கமானது. ரொசெல்லா கால்வி, ஃபெடெரிகோ மண்டோவனெல்லி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. பிரிட்டிஷ் காலத்தில் புராட்டஸ்டன்ட் மருத்துவ மிஷன் இருந்த இடங்களுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களின் உடல்நலம் இன்றும் ஒப்பீட்டளவில் நன்றாக இருப்பதாக அவர்கள் கண்டார்கள். காரணம், அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் தொடர்ந்து இருப்பது இல்லையாம். தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட சுத்தம், சுகாதாரப் பழக்கங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்கிறார்கள். கொல்லிமலைக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரை இங்கே நினைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

பெரியார் ஏன் கிறிஸ்தவத்துக்குப் போகச் சொல்லவில்லை?

தலைகீழ் என்று மேலே சொன்னது இதைத்தான். தீண்டாமைக் கொடுமையிலிருந்து தப்ப வேண்டுமானால் மதம் மாறுங்கள் என்று பெரியார் சொன்னது உண்டு. ஆனால், அவர் கை காட்டியது கிறிஸ்தவத்தை அல்ல, இஸ்லாத்தை. 1929-லிருந்தே இதைப் பேசிவந்தவர், 1947-ல் திருச்சிப் பேச்சிலும் அழுத்தமாகச் சொன்னார். கடவுளைப் பற்றிய அக்கறையில் சொன்ன யோசனை அல்ல அது. எந்த மதத்துக்குப் போனால் சாதி இழிவு சட்டென்று ஒழியும் என்பதுதான் அவருடைய ஒரே அளவுகோல். அந்த அளவுகோலில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவம் தேறவில்லை.

காரணம் ஊரறிந்தது. மதம் மாறியவர்களோடு சாதியும் தேவாலயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டி நொபிலியே காவி உடுத்தி, உயர்சாதியினரை ஈர்க்க அவர்கள் வழக்கங்களை ஏற்றுக்கொண்டவர். அதற்குப் பின் வந்த காலத்தில் உயர்த்தப்பட்ட சாதிகளுக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் 'பண்டாரசாமி' என்று தனித்தனி ஏற்பாடே இருந்தது. புராட்டஸ்டன்ட்களிலும் இதே கதைதான். சாதியை விட்டே ஆக வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் உத்தரவு போட்டபோது, தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

மிஷனரிகளும் குறையற்றவர்கள் இல்லை. மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் அவர்களைத் தாழ்வாகச் சித்திரித்தது. அந்தச் சமூகத்தினரே அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள்.

இன்றும் தமிழ்நாட்டின் சில ஊர்களில் தனிக் கல்லறை, தனித் தேர் என்று புகார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்ற போதனை சமூகத்துக்குப் பலன் தரும் என்று லண்டனில் பேசுவது எளிது. கல்லறைச் சுவர் இருக்கும் ஊரில் அதைச் சொல்ல முடியாது.

சாதிச் சான்றிதழில் என்ன சிக்கல்?

இதன் சுமையை இன்று நேரடியாகச் சுமப்பவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி பட்டியலினத் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் பட்டியலினத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? ஒரே தெருவில், ஒரே சொந்தத்தில் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குப் பட்டியலின இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் இன்னொருவருக்கு இரண்டும் இல்லை. ஊரில் இருவரையும் பார்க்கும் பார்வை மட்டும் மாறுவதே இல்லை.

இந்த நிலையை ஆராய மத்திய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியலினத் தகுதி தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரி வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மதமாற்றக் குற்றச்சாட்டுக்கு என்ன பதில்?

'பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தூண்டில், மதமாற்றம்தான் மீன்' என்ற குற்றச்சாட்டு பழையது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 தேர்தலுக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. மிஷனரிகள் மதம் பரப்பும் நோக்கத்தோடு வந்தார்கள் என்பதும், காலனி ஆட்சியின் நிழலில் வேலை செய்தார்கள் என்பதும் மறுக்க முடியாத உண்மைகள்.

அதே சமயம், மதம் மாறியவர்களை ஏமாந்தவர்கள் என்று மட்டும் பார்ப்பது அவர்களையே அவமதிப்பது. கோயிலுக்குள் விடாத, பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார விடாத காலத்தில், வேறு கதவு திறந்தபோது யோசித்து முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

மிஷன் இல்லாமலும் முன்னேற்றம் வந்ததே?

வந்தது. பள்ளியில் மதிய உணவு 1920-ல் சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சியினர் தொடங்கியது. காமராஜர் அதை மாநிலம் முழுக்க விரித்தார். இன்று நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் வரிசையாக நிற்கும் பிரபலப் பள்ளிகளில் பெரும்பாலானவை உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டுக் கட்டியவை. கோழிப்பண்ணையும் லாரி பாடி பில்டிங்கும் சம்பாதித்துக் கொடுத்த பணமும் அதில் உண்டு.

சேவைக்கு மதம் கட்டாயம் இல்லை என்பதற்கு நாத்திகர்களிடமும் உதாரணம் இருக்கிறது. திருச்சியில் பெரியார் இயக்கம் நடத்தும் நாகம்மையார் குழந்தைகள் இல்லம் ஒன்று. கோரா 1940-ல் ஆந்திராவில் தொடங்கிய நாத்திக மையம் இன்னொன்று.

நம்பிக்கை இல்லாமல் பலன் மட்டும் கிடைக்குமா?

மொத்த விவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

நம்பிக்கையாளர்கள் சொல்வது இது: ஈவ்லின் பிராண்ட் 'சமூகப் பலன்' என்று கணக்குப் போட்டு மலை ஏறவில்லை. கணவரைப் பறிகொடுத்த மலைக்கு, ஓய்வு வயதில், சம்பளம் இல்லாமல் ஒருவர் திரும்பப் போகிறார் என்றால் அதற்குப் பின்னால் இருந்தது நம்பிக்கை. கிணற்றை வற்றவிட்டு வாளியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

சந்தேகவாதிகள் சொல்வது இது: அதே நம்பிக்கை இருந்த சபைகளில்தான் சாதிக்கு ஒரு பெஞ்சும் இருந்தது. நம்பிக்கை மட்டும் போதும் என்றால் அது ஏன் நடந்தது? நல்லது செய்தவரைப் பாராட்டுவோம், காரணத்தை மனிதரிடம் தேடுவோம்.

இரண்டு பக்கமும் மறுக்காத ஒன்று உண்டு. பெரியார் வைத்த அளவுகோல் அது. ஒரு மதம் சமூகத்துக்கு நல்லதா என்று கேட்டால், அந்த ஊரிலேயே கடைசி ஆளாக வைக்கப்பட்டிருப்பவர் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார். கொல்லிமலையில் காலில் புழுவோடு இருந்தவருக்கு மாறியது. வேலூரில் விரல் மடங்கியவருக்கு மாறியது. தனிக் கல்லறையில் புதைக்கப்படுபவருக்கு இன்னும் மாறவில்லை.

சுருக்கமாக...

* டாக்கின்ஸ், ஹிர்சி அலி போன்றவர்களால் 'கலாசாரக் கிறிஸ்தவம்' பற்றிய பேச்சு 2023, 2024-ல் உலக அளவில் எழுந்தது.
* தமிழ்நாட்டில் பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த அரசு 1968-லேயே மூன்று மிஷனரி அறிஞர்களுக்கு மெரினாவில் சிலை வைத்தது.
* திராவிடர் கழகம் பெயர் பெற்ற சேலத்துக்குப் பக்கத்திலேயே, கொல்லிமலையில் பிராண்ட் குடும்பம் மருத்துவ, கல்விப் பணி செய்தது.
* மருத்துவ மிஷன்களுக்கு அருகில் வாழ்பவர்களின் உடல்நலம் இன்றும் மேம்பட்டிருப்பதாக 2018 ஆய்வு சொல்கிறது.
* சாதியை ஒழிக்காததால் கிறிஸ்தவத்தைப் பெரியார் பரிந்துரைக்கவில்லை. தலித் கிறிஸ்தவர்களின் பட்டியலினக் கோரிக்கை இன்றும் தொடரும் பிரச்னை.

கொல்லிமலைக்கு டூர் போகிறவர்கள் ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அதே மலையில், வாழவந்தியில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஈவ்லினும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சாமி கும்பிடுபவரும் கும்பிடாதவரும் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம்.